சோலார் கேமரா மாட்டப் போகிறவர்கள் படித்துவிட்டு மாட்டுங்கள்: 7,800 ராண்ட் போய்விட்டது

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்காக எழுதுகிறேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. முன்பின் குழம்பியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சமூக வலைத்தளத்தில் விளம்பரம் போட்டு, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, வீட்டுக்கே வந்து மாட்டிக் கொடுக்கும் கடை. 4 சோலார் கேமரா, மெமரி கார்டு, மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து 7,800 ராண்ட். வயர் இழுக்க வேண்டாம், லோட் ஷெட்டிங்கில் கரண்ட் போனாலும் ஓடும், இருட்டிலும் கலரில் தெரியும் என்று சொன்னார்கள். எங்கள் தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் பூட்டை உடைத்திருந்த நேரம் அது. கணவருக்கு நைட் ஷிஃப்ட். ராத்திரியில் வீட்டில் நானும் மாமியாரும் பிள்ளைகளும் மட்டும்தான்.

மாட்ட வந்தவன் சின்னப் பையன். நிலைவாசலில் மாவிலைத் தோரணத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு "வணக்கம் ஆன்ட்டி" என்றான். மாமியாரை "ஆயா" என்று கூப்பிட்டான். சாமி படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டான். தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் காவடி எடுக்கிறேன் என்றான். மாமியார் உருகிப்போனார். அவனுக்கு டீ, முறுக்கு எல்லாம் கொடுத்தார், ஏணியில் ஏறும்போது "பார்த்துப்பா, பார்த்து" என்று கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். வேலை முடிந்ததும் தன் போனை நீட்டி 4 கேமராவின் படத்தையும் காட்டினான். பளிச்சென்று இருந்தது. "நம்ம ஆளுங்களை நான் ஏமாத்துவேனா ஆன்ட்டி?" என்று அவனாகத்தான் சொன்னான், யாரும் கேட்கவில்லை. அங்கேயே நின்று 7,800 ராண்டையும் வங்கிக் கணக்கு வழியாக இஎஃப்டி செய்தேன். என் போனிலும் ஆப்பை இறக்கிப் படம் வரவைத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

வெயில் இருந்தவரை ஓரளவு ஓடியது. குளிர் தொடங்கியதும் ஒவ்வொரு கேமராவாக அணைந்தது. காரணம் இதுதான்: பேனல்களைத் தெற்குச் சுவரில், கூரை நீட்டலுக்கு அடியில் மாட்டியிருக்கிறான். நாம் இருப்பது பூமியின் தென்பாதி. ஜூன், ஜூலையில் சூரியன் வடக்கே தாழ்வாகத்தான் போகும், அந்தச் சுவரில் நாள் முழுக்க நிழல். தெற்கே பார்த்து வை என்பது வடபாதி நாடுகளுக்கு எழுதின அறிவுரை. இதே ஊரில் பிறந்து வளர்ந்து, காசு வாங்கி மாட்டுகிறவனுக்கு இது தெரியாதா?

கேட்டால் வந்த பதில்களைப் பாருங்கள். முதலில் "மேகமா இருக்கு ஆன்ட்டி, சரியாயிடும்." அப்புறம் "உங்க வைஃபை வீக்." அப்புறம் "ஆப்பை அப்டேட் பண்ணுங்க." அப்புறம் ஆள் வெளியூரில் இருக்கிறான் என்றார்கள். கடைசியில் வந்து பார்க்கவே 600 ராண்ட் தனியாக வேண்டுமாம். 7,800 ராண்ட் வாங்கினவர்கள் பேசுகிற பேச்சா இது? அதன் பிறகு நீல டிக் மட்டும் விழுந்தது, பதில் இல்லை.

போன வாரம் ராத்திரி எங்கள் பின்முற்றத்துப் பித்தளைக் குழாய்களையும் கேட் மோட்டார் பேட்டரியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். 3 கேமரா செத்துக் கிடந்தது. உயிரோடு இருந்த ஒன்றில் பதிவானது ஒரு ஆளின் முதுகு, அதுவும் அரைகுறை. பேட்டரி கேமரா எந்நேரமும் பதிவு செய்யாது, தூங்கிக்கொண்டிருக்கும். உடல் சூடு குறுக்கே நகர்வதை உணர்ந்தபிறகுதான் விழிக்கும், அதற்குள் ஆள் தாண்டிவிடுவான். விற்கும்போது இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதைவிட வயிறு எரிகிற விஷயம் வேறு. கொழுந்தன் வந்து எல்லாவற்றையும் ரீசெட் செய்து புதிதாகச் சேர்க்கப் பார்த்தான். முடியவில்லை. கேமராக்களின் உரிமைக் கணக்கு அந்தப் பையனுடையது! எனக்குக் கிடைத்திருந்தது பார்க்க மட்டும் பகிர்ந்த அனுமதி. அவன் தன் கணக்கிலிருந்து நீக்கினால்தான் வேறு யாரும் சேர்க்க முடியும். அதாவது இத்தனை மாதமும் என் கணவர் எப்போது வேலைக்குப் போகிறார், நாங்கள் எப்போது கோயிலுக்குக் கிளம்புகிறோம், மாமியார் எப்போது தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் ஓர் அந்நிய ஆளின் போனில் ஓடியிருக்கிறது. கை நடுங்கிவிட்டது. அன்றைக்கே நாலையும் கழற்றி டப்பாவில் போட்டேன். திருட்டையும் இதையும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை, அதனால் போடவில்லை. ஆனால் கணக்கை மாற்றிக் கொடு என்று எழுதியதற்கும் அதே நீல டிக்தான்.

எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி மாட்டுவது என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது இவ்வளவுதான் வருகிறது. ஆப்பில் கணக்கை உங்கள் போனில், உங்கள் ஈமெயிலில், உங்கள் கையால் திறந்து கேமராவைச் சேருங்கள். அது முடியும்வரை பணம் அனுப்பாதீர்கள். பேனல் வடக்கே பார்க்கட்டும், நம் ஊருக்குச் சுமார் 30 டிகிரி சாய்வு, மேலே நிழல் விழக் கூடாது. பேனல் தனியாகக் கழன்று வயரோடு வரும் மாடலாக வாங்கினால் கேமரா ஒரு பக்கம், பேனல் ஒரு பக்கம் வைக்கலாம். கரண்ட் போனால் ரவுட்டரும் போகும், அப்போது போனுக்கு எச்சரிக்கை வராது, ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் கட்டாயம். இந்த வகையில் பல கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டும்தான் பிடிக்கும், அதையும் கேளுங்கள்.

அப்புறம் பில். வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை வாங்கிய 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ரிப்பேரா, மாற்றுப் பொருளா, பணமா என்று முடிவு செய்வது நாம், கடை இல்லை. எனக்கு இன்னும் 6 மாதம் முடியவில்லை. 7,800 ராண்டும் திரும்ப வேண்டும் என்று எழுத்தில் அனுப்பிவிட்டேன். பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பாளரிடம் போகிறேன், அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. இதே மாதிரி வாட்ஸ்அப் கடையில் வாங்கியவர்கள் இருந்தால் இன்றைக்கே ஆப்பைத் திறந்து உரிமைக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.