நாலு சிபியு என்று சொல்லி 0.40 தந்தார்கள்: பவர் சேர்வரில் பார்ட்டிஷன் எடுப்பவர்கள் கவனிக்கவும்

கொழும்பில் ஐபிஎம் பவர் சேர்வரில் பார்ட்டிஷன் (ஒரே சேர்வரைப் பிரித்துத் தனிக் கணினிபோலத் தரும் பகுதி) வாடகைக்கு எடுக்க நினைக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் கணக்கு மென்பொருள் ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் இயங்குதளத்தில் ஓடுகிறது. பழைய இயந்திரம் கிழடாகிவிட்டதால் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்திடம் எல்பார் ஒன்று, அதாவது ஒரு பார்ட்டிஷன், எடுத்தோம். பெயர் சொல்லவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. கொட்டேஷனில் இருந்தது ஒரே வரி: 'நாலு சிபியு, 32 ஜிபி மெமரி, தனி நெட்வொர்க் கார்ட்'.

இரவில் வேலை பறந்தது. பகலில், அதுவும் மாத முடிவில், ஒரு இன்வொய்ஸ் அடிக்கவே காத்துக் கிடந்தோம். கேட்டால், "உங்கட மென்பொருள்தான் பிரச்சினை அண்ணா, எங்கட பக்கம் எல்லாம் பச்சை" என்றார் சப்போர்ட் தம்பி.

சரி என்று, பார்ட்டிஷனின் அமைப்பைக் காட்டும் 'எல்பார்ஸ்டாட் -ஐ' கட்டளையை ஓட்டினேன். விர்ச்சுவல் சிபியு 4. ஆனால் என்டைட்டில்ட் கப்பாசிட்டி 0.40! விஷயம் அங்கேதான். விர்ச்சுவல் சிபியு என்பது எத்தனை கோர்களில் (சிப்பில் உள்ள உண்மையான செயல் அலகுகளில்) பரவி ஓடலாம் என்ற எண் மட்டுமே. உத்தரவாதம் உள்ள பங்கு என்டைட்டில்மென்ட். சேர்வரைப் பார்ட்டிஷன்களுக்குப் பங்கிடும் ஹைப்பர்வைசர் மென்பொருள் நேரத்தை 10 மில்லிசெக்கன் துண்டுகளாகப் பிரித்துக் கொடுக்கிறது, 0.40 என்றால் அதில் ஒரு கோரின் 4 மில்லிசெக்கன்தான் எங்களுக்கு உறுதி. மிச்சம் அன்கேப்ட் (உறுதியான பங்கோடு நிறுத்தாத) முறையில், அடுத்த பார்ட்டிஷன்கள் சும்மா இருந்தால்தான் கிடைக்கும். இரவில் பறந்ததன் மர்மம் இதுதான். போட்டி வந்தால் மிச்சத்தைப் பங்கிடும் வெயிட்டும் எங்களுக்கு 32. வழமையாக 128 இருக்கும். ஒரு கோரை எட்டாகக் காட்டும் எஸ்எம்டி-8 இருப்பதால் கணினி 32 லாஜிக்கல் சிபியு என்று வேறு காட்டிற்று. அதைக் காட்டித்தான் முதலாளியைப் பேக்காட்டியிருக்கிறார்கள்.

மெமரிக்கதை இன்னும் மோசம். அவர்கள் சேர்வரை மீளத் தொடக்கிய பிறகு ஒன்லைன் மெமரி 20 ஜிபியாகக் குறைந்திருந்தது. பார்ட்டிஷனின் அமைப்புப் பதிவான ப்ரொஃபைலில் மினிமம் 8, டிசையர்ட் 32 என்று வைத்திருக்கிறார்கள். டிசையர்ட் அளவு மிச்சமில்லாவிட்டால், மினிமத்துக்குக் குறையாமல் இருப்பதைக் கொண்டு பார்ட்டிஷன் சத்தமில்லாமல் எழும்பிவிடும். மெமரியைக் கூட்ட ஒரு நாள் நிறுத்த வேண்டும், தனிக் கட்டணம் என்றார்கள். மக்ஸிமம் 32 என்று இருக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் பார்ட்டிஷனுக்கே கூட்டலாம். உண்மையில் சேர்வரில் மெமரி மிச்சமில்லை. விற்றது கூட, இருந்தது குறைவு.

'தனி' நெட்வொர்க் கார்ட்? சாதனப் பட்டியலில் இருந்தது விர்ச்சுவல் ஈதர்நெட் அடாப்டர். எல்லோரும் ஒரே விஐஓஎஸ் (கார்டுகளைப் பகிர்ந்து தரும் பார்ட்டிஷன்) வழியாகத்தான் போகிறோம்.

இதையெல்லாம் அச்செடுத்துக்கொண்டு போனேன். "சிபியு நாலு தந்திருக்கிறோம்தானே" என்கிறார்கள். முற்பணம் திரும்பவில்லை.

இப்போது வேறு இடம் தேடுகிறோம். என்டைட்டில்மென்ட் எவ்வளவு, கேப்டா அன்கேப்டா, வெயிட் என்ன, மினிமம் மெமரியும் டிசையர்டும் ஒன்றா, அடாப்டர் விர்ச்சுவலா நேரடியா என்று கொட்டேஷனிலேயே எழுதிக் கேட்டோம். ஒரு நிறுவனம் விலையைக் கூட்டித் திருத்தி அனுப்பியது. இன்னொன்று அதற்குப் பிறகு ஃபோன் எடுப்பதேயில்லை.