வரைபடமா, குரலா, எழுத்தா? புதியவர்களோடு இணையத்தில் ஒரு பாத்திர ஆட்டம்

கிழக்கிலங்கையின் வாகரையில் ஒருவர், காத்தான்குடியில் ஒருவர், களுவாஞ்சிக்குடியில் இருவர், அக்கரைப்பற்றில் ஒருவர். இப்படிச் சிதறிக் கிடப்பவர்களைச் சேர்த்து, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டை முதன்முறையாக ஆடவைப்பதென்றால் இணையத்தை விட்டால் வேறு வழியில்லை. ஓரிடத்தில் கூட ஆசைதான். ஆனால் ஆட்டம் முடிகிற நேரத்தில் வாகரைக்கு யார் பஸ் விடுவார்கள்? இணையத்தில் நடத்த மூன்று வழிகள் இருக்கின்றன: வரைபடமும் காய்களும் கொண்ட மெய்நிகர் மேசை, டிஸ்கோர்ட் என்ற குழு அரட்டைச் செயலியில் குரல் மட்டும், வட்ஸ்அப்பில் எழுத்து மட்டும். நான் குரலைத் தேர்ந்தெடுத்து நடத்திக்கொண்டிருப்பவன். தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை இப்போதே சொல்லிவிட்டேன்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்கு நாலு வரி. ஒருவர் கதையுலகத்தை நடத்துவார். அவரை கேம் மாஸ்டர் என்பார்கள். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று அவரவர் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருளும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்குத் தாய். இன்றைக்கும் இணையத்தில் தேடுகிற புதியவர் முதலில் போய் மோதுவது அதில்தான்.

மெய்நிகர் மேசையை முதலில் பார்ப்போம். பெயர் பெற்றவை இரண்டு. ரோல்20 என்பது 2012இல் வந்தது. உலாவியிலேயே திறக்கும், இலவசக் கணக்கே தொடங்கப் போதும். ஃபவுண்ட்ரி 2020இல் வந்தது; 50 டொலர் ஒரே தடவை கட்டவேண்டும், அதையும் நடத்துபவர் மட்டும் கட்டினால் போதும். நம் காசில் பதினையாயிரம் ரூபாவை ஒட்டி வரும். ஐந்து பேர் பகிர்ந்தால் பெரிய தொகையில்லை. இரண்டுமே அழகானவை. திரையில் கட்டங்கள் போட்ட குகை விரியும், உங்கள் காயை நகர்த்துவீர்கள், பகடை திரையிலேயே உருளும், கூட்டல் கழித்தலை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். படம் பார்த்து மயங்கித்தான் பாதிப்பேர் இந்தப் பக்கம் வருகிறார்கள்.

இதில் கைத்தொலைபேசிச் சிக்கல் எல்லோரும் சொல்வது, நீட்டத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலானோரிடம் மடிக்கணினி இல்லை. ஃபவுண்ட்ரி கைத்தொலைபேசியில் இயங்குவதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. அதை அவர்களே சொல்கிறார்கள். ரோல்20 சிறிய திரையில் திறக்கும், ஆனால் வரைபடத்தை விரலால் பெரிதாக்கிச் சிறிதாக்கியே ஆட்டம் முடிந்துவிடும்.

என் முடிவைத் தீர்மானித்தது கைத்தொலைபேசி அல்ல. ஓர் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் இடையில் நடத்துபவரின் தலையில் விழுகிற வேலை. இதைப்பற்றி யாரும் புதியவருக்குச் சொல்வதில்லை.

மெய்நிகர் மேசையில் ஒரு சாதாரணச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடம் தேடவேண்டும். கிடைத்த வரைபடத்தின் கட்டங்கள் மென்பொருளின் கட்டங்களோடு ஒருபோதும் பொருந்தாது, இழுத்துப் பொருத்தவேண்டும். ஒவ்வொரு எதிரிக்கும் காய், காய்க்குப் படம், படத்துக்குப் பின்னால் உயிர்ப்புள்ளி, தாக்குதல் எண். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் பாத்திரத் தாளை நிரப்பிக் கொடுக்கவேண்டும், ஏனென்றால் புதியவர் தாமாக நிரப்பமாட்டார். ஃபவுண்ட்ரி என்றால் இதற்குமேல் உங்கள் கணினியே சேவையகம். உங்கள் வீட்டில் மின்சாரம் போனால் ஐந்து வீட்டிலும் ஆட்டம் போய்விடும். கைத்தொலைபேசி இணைப்பில் இருந்து நடத்தினால், பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்தும் வலையமைப்பு முறையினால் வெளியாட்கள் உங்கள் கணினியைத் தேடிவரவே முடியாமல் போகலாம். அப்போது மாதவாடகைக்கு வெளியே ஓர் இடம் பிடிக்கவேண்டும். புதிய பதிப்பு வந்தால் கூட்டிச் சேர்த்த துணைநிரல்கள் இடறும், அதைச் சரிசெய்ய ஒரு மாலை போகும். இவ்வளவும் முடித்துவிட்டுக் காத்திருந்தால், ஆட்டக்காரர்கள் குகைக்குள் போகாமல் சந்தையில் நின்று மீன்காரியோடு விலை பேசிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் பொருத்திய கட்டங்கள் அப்படியே கிடக்கும்.

பகலில் வேலை, மாலையில் பிள்ளைகளை ரியூசனுக்குக் கொண்டுபோய் விடுவது, வார இறுதியில் ஏதாவதொரு வீட்டு விசேசம் என்று இருக்கிற ஒருவரால் இந்தச் சுமையை எத்தனை வாரம் இழுக்கமுடியும்? புதியவர் குழுக்கள் உடைவது விதிகள் கடினம் என்பதால் அல்ல. நடத்துபவர் ஒரு வாரம் "தயாராகவில்லை, அடுத்த கிழமை பார்ப்போம்" என்கிறார். அடுத்த கிழமையும் அதையே சொல்கிறார். மூன்றாவது கிழமை யாரும் கேட்பதில்லை.

குரல் வழியில் அந்த இடைவேலை அரைப்பக்கக் கொப்பியில் அடங்கிவிடும். ஓர் இடம், மூன்று ஆட்கள், ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும், முதல் காட்சி எது. உதாரணமாக: குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கும் பாதை, அதாவது ஆட்களை ஏற்றிச்செல்லும் மிதவை. அதில் ஓர் ஆடு கட்டப்பட்டிருக்கிறது, கழுத்தில் வெள்ளி மணி, யாருடையதென்று யாரும் சொல்லவில்லை. பாதைக்காரர் அதை விற்கப் பார்க்கிறார். கரையில் ஒரு கிழவி ஆட்டைப் பார்த்தவுடன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இவ்வளவுதான் தயாரிப்பு. மீதியை ஆட்டக்காரர்களே கேள்வி கேட்டுக் கேட்டுக் கட்டிவிடுவார்கள்.

படமில்லாமல் எப்படி என்று கேட்பவர்கள் நம் கூத்தை நினைத்துப் பார்க்கட்டும். வட்டக்களரியில் காட்சித்திரை ஏது? கட்டியகாரன் வந்து அரசனின் வரவைச் சொன்னதும் அந்த மண்மேடு கொலுமண்டபமாகிவிடுகிறது. பார்த்திருப்பவர்களில் ஒருவர்கூடத் தூண் எங்கே என்று கேட்டதில்லை. சொல்லிக் காட்டுவதைக் கண்ணால் காணப் பழகிய ஊர் இது. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை என்றதும் வயலும் மாடும் வெயிலும் எங்கள் ஆட்களுக்குத் தானாக வந்துவிடும். அதற்கு நான் ஐரோப்பியக் குகை வரைபடம் தேடவேண்டியதில்லை.

டேட்டா கணக்கும் குரலுக்குச் சாதகம். டிஸ்கோர்டில் ஒரு குரல் அறை சாதாரணமாக 64 கிலோபிட் வேகத்தில் அமைந்திருக்கும். இடைவிடாமல் ஒருவர் பேசினாலும் ஒரு மணித்தியாலத்துக்கு 29 மெகாபைட் அளவுதான். அறையை நடத்துபவர் அமைப்பில் போய் அதை 32 ஆகக் குறைத்தால் இதுவும் பாதியாகும். பேச்சுத் தெளிவுக்கு அது தாராளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போய்ப்போய் வரும் நாட்களில் கைத்தொலைபேசி மின்கலத்தோடு ஆட்டம் தொடரும். ஒருவர் அறுந்து விழுந்தால் திரும்பி வந்து "எங்கே நிற்கிறோம்?" என்று கேட்பார், இன்னொருவர் ஒரே வரியில் சொல்வார். திரும்ப ஏற்றவேண்டிய வரைபடம் எதுவும் இல்லை.

குரலோடு சேர்ந்து விதிகளையும் இலேசாக்கவேண்டும், இல்லையேல் பயனில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு அடிப்படை விதிகள் 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் நூற்றுக்கணக்கான பக்கம், தமிழிலும் இல்லை. அதற்கு வேண்டிய இருபது முகப் பகடையை மட்டக்களப்புக் கடைத்தெருவில் தேடிப்பாருங்கள், தெரியும். கூகிளில் பகடை உருட்டலாம்தான். எனக்குக் கையில் உருட்டுவதே பிடிக்கும். ஆறுமுகப் பகடை இரண்டு எந்த லூடோப் பெட்டியிலும் உண்டு. 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற ஆட்டம் பரப்பிய முறை இந்த இரண்டு பகடைக்கென்றே செய்ததுபோல இருக்கிறது: கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் என்றால் நினைத்தது நடக்கும், 7 முதல் 9 வரை என்றால் நடக்கும், ஆனால் ஒரு விலை கொடுக்கவேண்டும், 6 அல்லது குறைவு என்றால் வில்லங்கம்.

அந்த நடுப்பகுதிதான் புதியவர்களைப் பிடித்து இருத்துகிறது. பாத்திரத்துக்கு எந்தத் திறமையும் இல்லாவிட்டால் 36 வாய்ப்புகளில் 15 அந்த நடுவில் விழுகின்றன, முழு வெற்றி 6, தோல்வி 15. திறமைக்கு ஒன்று கூட்டினால் முழு வெற்றி 10, நடு 16, தோல்வி 10. இருபது முகப் பகடையில் ஒவ்வொரு எண்ணுக்கும் சம வாய்ப்பு. உருட்டினாய், தப்பினாய், அடுத்த ஆள் என்று முடிந்துவிடும். இங்கே ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வாவியில் குதித்தவர் 8 போட்டால் கரை சேர்வார், ஆனால் மணி தண்ணீரில் போகும். அல்லது பின்னாலே முதலையின் முதுகு தெரியும். எதுவென்று அவரையே கேட்பேன். அடுத்த காட்சி அங்கேயே பிறந்துவிடும். என் கொப்பி இன்னும் அரைப்பக்கத்திலேயே நிற்கும்.

குரலின் குறைகளையும் மறைக்கக்கூடாது. முகம் தெரியாது. வாய் வல்லவர் ஒருவர் இருந்தால் மற்ற நால்வரும் அவருடைய கதையைக் கேட்கும் கூட்டமாகிவிடுவார்கள். நான் பெயர் சொல்லி முறை வைத்துக் கேட்கிறேன், அதற்கு வேறு மருந்து தெரியவில்லை. எதிரிகள் நாலைந்துக்கு மேல் போனால் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது குழம்பும். இன்னொன்று, ஒருவர் மௌனமானால் அவர் யோசிக்கிறாரா, மனம் நொந்துவிட்டாரா என்று தெரியாது. இந்தக் கரையில் அது சின்ன விசயமில்லை. கடல் ஊருக்குள் வருகிறது என்று ஒரு காட்சியை அமைத்தால் வெளிநாட்டுக் குழுவுக்கு அது சாகசம்; 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இங்கே எந்த வீட்டில் யார் இல்லை என்று உங்களுக்குத் தெரியாது. பாதையில் ஆட்டுக்குப் பதிலாக யாருமற்ற பெட்டியொன்றை வைத்திருந்தால் முப்பத்தைந்தைத் தாண்டியவருக்குப் போர்க்காலக் குண்டுகளின் நினைவு வந்திருக்கும். ஆகவே முதல் நாளே, ஆட்டத்துக்கு முன்பு, எவையெல்லாம் கதைக்குள் வரக்கூடாதென்று ஒவ்வொருவரிடமும் தனிச்செய்தியில் கேட்டுக்கொள்கிறேன். ஆட்டத்தின் நடுவே யாராவது ஓர் எக்ஸ் எழுத்தைத் தட்டினால் அந்தக் காட்சி அங்கேயே வெட்டப்படும், காரணம் கேட்பதில்லை.

எழுத்து வழியைப்பற்றி எனக்குச் சொல்ல உரிமை குறைவு. ஒரு குழுவில் ஆடியிருக்கிறேன், நடத்தியதில்லை. பார்த்தவரையில் அதன் பலம் நேரம். இரவுக்கடமை பார்க்கும் தாதி காலையில் எழுதுவார், வயலிலிருந்து வந்தவர் மாலையில் எழுதுவார். வீட்டுச் சூழலும் உண்டு: இரவு ஒன்பது மணிக்கு ஒரு பெண்பிள்ளை கைத்தொலைபேசியில் முகம் தெரியாத ஆண் குரல்களோடு "கொல்லு, தப்பி ஓடு" என்று சத்தம் போட்டுக் கதைப்பதை எத்தனை தாய்மார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? எழுதுவதென்றால் யாருக்கும் கேட்காது. ஆனால் அதே பிள்ளைக்கு வட்ஸ்அப் குழு பாதுகாப்பில்லை, அங்கே அவளுடைய இலக்கம் குழுவிலுள்ள எல்லோருக்கும் தெரியும். எழுத்துதான் வேண்டுமென்றால் டிஸ்கோர்டிலேயே எழுதலாம், புனைபெயர் போதும்.

வேகம்தான் எழுத்தின் பெரிய குறை. குரலில் கால்மணி நேரத்தில் முடியும் சண்டை எழுத்தில் வாரக்கணக்கில் இழுபடும். ஒருவர் பதில் போடாவிட்டால் மற்றவர்கள் பாதையில் நின்றபடியே நிற்பார்கள், ஆடு கத்திக்கொண்டிருக்கும். நடத்துபவரின் இடைவேலை இங்கே வரைபடம் செய்வதல்ல, ஆட்களைத் தட்டி எழுப்புவது. அதுவும் வேலைதான், மதிப்பில்லாத வேலை. பாதிப்பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். அதில் வர்ணனையை வாசிக்க எனக்குப் பொறுமையில்லை, வேறு ஒருவருக்கு இருக்கலாம்.

நாள் குறிப்பதற்கு மூன்று வழிக்கும் பொதுவான யோசனை ஒன்று: முடிவில்லாத தொடர்கதையை ஆரம்பிக்காதீர்கள். நாலு சனிக்கிழமையில் முடிகிற கதையாக வையுங்கள். இஷாத் தொழுகை முடிந்து எட்டரைக்குத் தொடங்கினால் காத்தான்குடிக்காரருக்கும் அக்கரைப்பற்றுக்காரருக்கும் சரிவரும். நோன்பு மாதத்தில் நிறுத்திவிடலாம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வந்தால் களுவாஞ்சிக்குடிக்காரர்களைத் தேடிப் பயனில்லை. ஐவரில் மூவர் வந்தால் ஆட்டம் உண்டு என்று முதலிலேயே விதி வைத்துவிட வேண்டும். வராதவரின் பாத்திரம் அன்று காய்ச்சலில் படுத்திருக்கும்.

வரைபடத்தை அறவே ஒதுக்கவும் சொல்லமாட்டேன். குழு நிலைத்து, யாராவது "இடம் எப்படி இருக்கிறதென்று பார்க்கவேண்டும்" என்று கேட்டால், தாளில் கீறிப் படம் எடுத்து அறையில் போட்டாலே பெரும்பாலும் போதும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் அவுல்பெயர் ரோடியோ இருக்கிறது. உலாவியில் திறக்கும், படத்தைப் போட்டுக் காய்களை வைத்தால் வேலை முடிந்தது. ஐவரிடமும் மடிக்கணினியும் வீட்டில் பைபர் இணைப்பும் இருந்து, நடத்துபவர் இரவிரவாக இருந்து கட்டம் பொருத்துவதில் இன்பம் காண்பவராகவும் இருந்தால் ஃபவுண்ட்ரியையே வாங்கட்டும். அப்படிப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அவர் வரைந்து வைத்திருக்கும் குகைகளில் பாதியில் இன்னும் ஒருவரும் கால் வைத்ததில்லை. அதைப்பற்றி அவருக்கு ஒரு கவலையுமில்லை.