பில்லில் ஸ்டட், இன்ஜினுக்குள் பழைய ஹெட் போல்ட்: டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

டர்போ பொருத்திய என் காரின் இன்ஜினை முழுவதுமாகப் பிரித்து வேலை செய்யக் கொடுத்தபோது, பூஸ்டை (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை) கூட்டும் எண்ணம் இருந்ததால், சிலிண்டர் ஹெட்டை பிளாக்கோடு இறுக்கும் பழைய போல்ட்டுகளைக் கழித்துவிட்டு ஸ்டட் (பிளாக்கில் திருகி, மேலே நட் போட்டு இறுக்கும் தலையில்லாத மரைத் தண்டு) போட வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். பத்து ஸ்டட், பத்து நட், பத்து வாஷர் என்று பில்லில் தெளிவாக எழுதியிருந்தார்கள். நானும் நம்பிப் பணத்தைக் கட்டி வண்டியை எடுத்து வந்தேன்.

மூன்றாவது வாரம், ஒரு நீண்ட மேட்டில் முழு பூஸ்டில் ஏறிய பிறகு பானட்டைத் திறந்தேன். மேல் ரேடியேட்டர் ஹோஸ் கல்லைப் போல இறுகியிருந்தது. கூலண்ட் டப்பா பொங்கி வழிந்திருந்தது. மெதுவாக ஓட்டினால் எந்தக் குறையும் தெரியவில்லை. ஹெட் பிளாக்கிலிருந்து மேலே தூக்கிக்கொள்ளும்போது இப்படித்தான் நடக்கும்: எரியும் வாயுவின் அழுத்தம் போல்ட்டுகளின் பிடிப்பை மிஞ்சும் நொடியில், இரண்டுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் கேஸ்கெட் மயிரிழை அளவு பிடி விட்டு, வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்துவிடுகிறது.

வேறொரு மெக்கானிக்கிடம் ஹெட்டைக் கழற்றியபோது உள்ளே ஒரு ஸ்டட்கூட இல்லை. இன்ஜினோடு வந்த பழைய போல்ட்டுகளையே கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தலையில் கறுப்பு வண்ணம் பூசி மாட்டியிருந்தார்கள். அவற்றில் ஒன்றை எடுத்து, பொருத்தமான ஒரு நட்டை விரலால் திருகிப் பார்த்தேன். பாதி மரை வரை வழுக்கிக்கொண்டு போன நட், ஓரிடத்தில் இறுகி நின்றுவிட்டது. அங்கே தண்டு மெலிந்திருந்ததை வெர்னியர் அளவுகோல் காட்டியது. புதிய போல்ட்டின் பக்கத்தில் வைத்தபோது நீளமும் கூடியிருந்தது.

இவ்வகைப் போல்ட்டை முதலில் குறிப்பிட்ட டார்க் (திருகு விசை) வரை இறுக்கி, அதன் பிறகு 90 டிகிரி, மீண்டும் 90 டிகிரி என்பதுபோல் கோணக் கணக்கில் திருப்புவார்கள். அப்போது எஃகு, பழைய நீளத்துக்குத் திரும்பக்கூடிய எல்லையைத் தாண்டி இழுபடுகிறது. அதனால்தான் பல தயாரிப்பாளர்கள் கழற்றிய போல்ட்டை மறுபடி மாட்டக் கூடாது என்கிறார்கள். சிலர் நீள வரம்பு கொடுத்து, அதைத் தாண்டியதைக் கழிக்கச் சொல்கிறார்கள்.

முதல் வொர்க்‌ஷாப்பில் கேட்டபோது, “டார்க் ரென்ச் சரியாகக் கிளிக் ஆனது சார், அதற்கு மேல் என்ன வேண்டும்?” என்றார்கள். தவறான இந்தச் சமாதானத்தை யாரும் ஏற்க வேண்டாம். நாம் கொடுக்கும் டார்க்கில் ஏறக்குறைய 90 சதவீதம் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வாகவே போய்விடுகிறது. மிச்சம்தான் ஹெட்டைப் பிடிக்கும் விசை. துருவேறிய, காய்ந்த மரையில் ரென்ச் கிளிக் ஆகும், பிடிப்பு இருக்காது. ஸ்டட்டுக்குத் தயாரிப்பாளர் தரும் டார்க் அளவும் அவர் சொல்லும் கிரீஸைத் தடவினால் மட்டுமே பொருந்தும்.

ஸ்டட் போடுவதாக இருந்தால் சிலிண்டரை ஹோன் செய்வதற்கு (உள்சுவரை நுணுக்கமாகத் தேய்த்துச் சீராக்குவதற்கு) முன்பே அதை முடிவு செய்துவிடுங்கள். ஹெட்டை இறுக்கும் இழுவையில் சிலிண்டரின் வட்டம் சற்று மாறுவதால், ஹெட்டுக்குப் பதிலாக வைக்கும் கனமான தகடான டார்க் பிளேட்டை அதே ஸ்டட்டுகளால் பூட்டித்தான் ஹோன் செய்ய வேண்டும். இரண்டாவது முறை நான் பக்கத்திலேயே நின்றேன். பிளாக்கின் துளைகளில் எண்ணெய் தேங்கியிருந்தால் இறுக்கும்போது பிளாக்கே விரிசல் விடலாம் என்பதால் ஒவ்வொன்றையும் துடைத்தார்கள். தண்ணீர்ப் பாதையில் திறக்கும் துளைகளுக்கு சீலன்ட் தடவினார்கள். ஸ்டட்டைக் கையாலேயே திருகி உட்கார வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று கட்டங்களில் இறுக்கினார்கள்.

ஹெட்டை மூடும் நாளில் நேரில் போய்ப் பாருங்கள். வண்டியை எடுத்த பிறகு சந்தேகம் வந்தாலும், பல இன்ஜின்களில் ஹெட்டின் மேல்மூடியான டாப்பெட் கவரைத் திறந்தாலே தெரிந்துவிடும்: ஸ்டட் என்றால் நட்டுக்கு மேல் அதன் நுனி நீட்டிக்கொண்டிருக்கும், போல்ட் என்றால் மூடிய தலை மட்டுமே இருக்கும்.

ஸ்டட்டுகளை இரண்டாவது மெக்கானிக்தான் மாற்றிவிட்டார் என்றும் முதல் வொர்க்‌ஷாப்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். கவரைத் திறந்ததிலிருந்து கடைசிப் போல்ட் வரை நான் எடுத்திருந்த வீடியோவைக் காட்டியதும் அந்தப் பேச்சு நின்றது. ஸ்டட்டுக்குக் கொடுத்த பணம் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.