மூன்று நாவல்களில் காந்தி: ஆனந்த், ராஜா ராவ், நாராயண்

ஆங்கிலத்தில் எழுதிய இந்திய நாவலாசிரியர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் முல்க் ராஜ் ஆனந்த், ராஜா ராவ், ஆர்.கே. நாராயண் ஆகிய மூன்று பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கமாகிவிட்டது. அப்படிச் சேர்த்தே சொல்லி வந்ததால், மூவரும் ஏறக்குறைய ஒரே வகையான எழுத்தைத் தந்தவர்கள் என்ற எண்ணமும் நம்மிடையே படிந்திருக்கிறது. பெஷாவரில் பிறந்த பஞ்சாபி ஒருவரும், ஹாசனில் பிறந்த கன்னடர் ஒருவரும், சென்னைப் புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்து மைசூரில் வாழ்ந்த தமிழர் ஒருவரும் எழுதியவற்றில் எவ்வளவு வேற்றுமை உண்டு என்பதைக் காண ஒரு நல்ல வழி இருக்கிறது. மூவரும் தத்தம் நாவல் ஒன்றில் காந்தியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனந்தின் 'அன்டச்சபிள்' 1935இலும், ராஜா ராவின் 'காந்தபுரா' 1938இலும், நாராயணின் 'வெயிட்டிங் ஃபார் த மகாத்மா' 1955இலும் வெளிவந்தன. ஆங்கிலம் அறியாத மக்களிடம் காந்தி பேசியதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்ற ஒரே சிக்கலுக்கு மூவரும் மூன்று வழிகளைக் கண்டார்கள்.

ஆனந்தின் நாவல் புலாஷா என்ற ஊரில் பாக்கா என்னும் துப்புரவுத் தொழிலாளி இளைஞனின் ஒரே நாளில் நடந்து முடிகிறது. அந்த நாளில் மறக்கவே முடியாத இடம் கடைத்தெருவில் வருகிறது. பாக்காவுக்கு ஜிலேபி தின்ன ஆசை. காசைக் கையில் வாங்க மறுக்கும் கடைக்காரர், கீழே வைக்கப்பட்ட நாணயங்களின் மேல் தண்ணீர் தெளித்த பிறகே அவை எடுக்கப்பட இடம் கொடுக்கிறார். பொட்டலத்தைப் பந்துபோல் எறிகிறார். இவன் அதைப் பிடித்துக்கொள்கிறான். அதன் இனிப்பில் தன்னை மறந்து நடக்கும்போது மேல்சாதிக்காரர் ஒருவர்மீது பட்டுவிடுகிறான். கூட்டம் கூடுகிறது, வசைகள் பொழிகின்றன, கன்னத்தில் அறை விழுகிறது, தலைப்பாகை நழுவுகிறது, ஜிலேபி மண்ணில் உருள்கிறது. பஞ்சாபி வசைகளையெல்லாம் ஆனந்த் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்தார். அந்த ஆங்கிலம் கரடுமுரடானது என்று குறை சொல்பவர்கள் உண்டு. அந்தக் கடைத்தெருவைச் செப்பமான ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

காந்தி வருவது கடைசிப் பகுதியில். பாக்கா மரத்தில் ஏறி அமர்ந்து அவர் பேச்சைக் கேட்கிறான். மறுபிறவி உண்டென்றால் தீண்டத்தகாதவராகவே பிறக்க வேண்டும் என்று காந்தி சொல்லும்போது அவன் உள்ளம் நெகிழ்கிறது. ஆனால், துப்புரவுத் தொழிலாளிகள் தம்மைத் தூய்மைப்படுத்திக்கொள்ள வேண்டும், குடியை விட வேண்டும் என்று அதே பேச்சு திரும்பும்போது, பழி நம்மேல் விழுகிறதே, இது நியாயமில்லையே என்று அவன் மனம் முரண்டுகிறது. மகாத்மாவைத் தலைவணங்கிக் கேட்கும் கூட்டத்தின் நடுவே, அவரோடு மனத்துக்குள் வழக்காடும் ஒருவனை 1935இலேயே எழுதிக் காட்டியது பெரிய துணிவு. பதிப்பாளர்கள் பலர் திருப்பியனுப்பிய பிறகு, ஆங்கில நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் எழுதிய முன்னுரையோடுதான் இந்த நாவல் வெளிவந்தது. இதன் குறை, பேச்சு முடிந்த பின் கவிஞர் ஒருவரும் வழக்கறிஞர் ஒருவரும் நடத்தும் நீண்ட விவாதம். தண்ணீர் பாய்ச்சிக் கழுவும் கழிப்பறை வந்தால் இந்தத் தொழிலே ஒழியும் என்பது கவிஞர் தரும் தீர்வு. கருத்து சரியானதுதான், ஆனால் அந்தப் பக்கங்களில் பாக்கா வெறும் கேட்பவனாகச் சுருங்கி, ஆசிரியரின் குரல் மேலோங்கிவிடுகிறது.

'காந்தபுரா'வில் காந்தி நேரில் வருவதே இல்லை. மலைச்சரிவில் உள்ள ஒரு கன்னட கிராமத்துக்கு அவர் கதையாகத்தான் வந்து சேர்கிறார். கதை சொல்பவள் அச்சக்கா என்னும் மூதாட்டி. தன் ஊரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள் என்று தொடங்கி, திண்ணையில் உட்கார்ந்து பேசும் பாட்டியைப்போல் ஒன்றோடொன்று கோத்துச் சொல்லிக்கொண்டே போகிறாள். மூலைவீட்டு மூர்த்தி, அருவி வேங்கம்மா, மூக்குச் சொறியும் நஞ்சம்மா என்று அவள் ஆட்களைக் குறிப்பிடும்போது, நம் தெருக்களில் பட்டப்பெயர் வைத்து அழைக்கும் பழக்கம் அப்படியே காதில் விழுகிறது. ஊருக்கு வரும் அரிகதை பாகவதர், சிவனுக்கு மூன்று கண்கள் இருப்பதுபோல் சுயராஜ்யத்துக்கும் மூன்று கண்கள் உண்டு, அவை தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்வது, இந்து முஸ்லிம் ஒற்றுமை, கதர் என்கிறார். தலபுராணமும் கதாகாலட்சேபமும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் விளக்கம் எதுவும் தேவைப்படாது. தம்முடையதல்லாத மொழியில் தம்முடைய ஆன்மாவைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று ராஜா ராவ் முன்னுரையில் எழுதியதை மேற்கோள் காட்டாத கல்லூரிக் கட்டுரை குறைவு; அந்த வாக்கியத்தைவிட, அவர் அதைச் செய்து காட்டிய பக்கங்களே எனக்கு முக்கியம்.

பக்தி மணம் கமழும் இந்த நாவலில் கூர்மை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பிராமணனான மூர்த்தி சேரிக்குப் போகிறான்; ராச்சண்ணாவின் வீட்டுக்குள் முதன்முறையாக நுழைகிறான்; அவன் வீட்டுப் பெண் கொடுத்த பாலைக் கையில் வைத்துத் தடுமாறி, உதட்டில் வைத்து ஒரு மிடறு மட்டும் குடித்துவிட்டுக் கீழே வைக்கிறான். திரும்பி வந்ததும் கங்கை நீர் ஒரு கரண்டி வாங்கிக் குடிப்பதற்கும் இசைகிறான். காந்தியை மனமார ஏற்றுக்கொண்டவனின் நாக்கிலும் சாதி எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதை அந்த ஒரு மிடறு காட்டிவிடுகிறது. ஆனந்த் வெளியிலிருந்து விழும் அடியாகக் காட்டிய அதே தீண்டாமையை, ராஜா ராவ் தீண்ட மறுப்பவனின் தொண்டைக்குள் வைத்துக் காட்டினார்.

நாராயணின் கற்பனை ஊரான மால்குடிக்குக் காந்தி நேரிலேயே வருகிறார். சரயு நதிக்கரையில் கூட்டம். ஆங்கிலம் ஆள்வோரின் மொழி என்பதால் அதில் பேச மாட்டேன், உங்கள் இனிய தமிழில் பேசவே விருப்பம், ஆனால் கற்றுக்கொள்ள நேரம் வாய்க்கவில்லை என்கிறார் காந்தி. அவருடைய இந்தியை ஒருவர் தமிழாக்குகிறார். மால்குடியில் வழங்குவது தமிழ் என்பது இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லப்படும் இடம் தமிழ் வாசகரைத் துள்ள வைக்கும். நகராட்சித் தலைவரின் மாளிகையில் தங்காமல் துப்புரவுத் தொழிலாளிகளின் குடியிருப்பைக் காந்தி தேர்ந்தெடுப்பதும் இந்த நாவலில்தான். ஆனால் கதைநாயகன் ஸ்ரீராம் இயக்கத்தில் சேர்வது பாரதி என்ற பெண்ணின்மேல் கொண்ட காதலால். வெள்ளையனே வெளியேறு என்பதை ஆங்கிலத்தில் சுவரில் எழுதும்போது முதல் எழுத்துக்கே மை நிறையச் செலவாகிறதே என்று கவலைப்படுகிறான். பெரிய இயக்கங்களில் சேர்ந்த எளிய மனிதர்களின் மனத்தை இவ்வளவு நேர்மையாகச் சொல்ல மற்ற இருவருக்கும் மனம் வரவில்லை. ஆயினும் நாராயணின் நல்ல நாவல்களோடு வைத்துப் பார்த்தால் இது ஒரு படி கீழேதான். 1948 ஜனவரி 30 அன்று டெல்லியில் முடியும் அந்த இறுதிக்குத் தேவையான கனத்தை ஸ்ரீராமால் தாங்க முடியவில்லை.

இம்மூன்றிலும் சில பக்கங்களைத் தமிழாக்கிப் பார்த்தபோது எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு இருப்பது ஒரே சொல். தமிழிலோ நீயா, நீரா, நீங்களா என்பதை முடிவு செய்யாமல் ஒரு வரிகூட எழுத முடியாது; முடிவு செய்தால் பேசுவோரின் சாதியும் வயதும் உடனே வெளிப்பட்டுவிடும். நாராயணின் மால்குடியில் எல்லோரும் ஒரே தளத்தில் நிற்பதுபோல் தோன்றும் அமைதிக்கு அந்த ஒற்றைச் சொல்லும் ஒரு காரணம். தமிழாக்கினால் அந்த அமைதி கலைந்துவிடுகிறது. ஆனந்தின் வசைகள் தமிழுக்கு வந்ததும் இன்னும் கூர்மை பெற்றன. அச்சக்காவின் பேச்சுக்கு நான் செய்ய வேண்டியிருந்தது மிகக் குறைவு. கன்னடத்து மூதாட்டி ஆங்கிலம் வழியாக வந்து தமிழ்த் திண்ணையில் இயல்பாக அமர்ந்துகொண்டாள்.

ஆங்கில நாவலை முதன்முதலாகத் தொடும் இளைஞருக்கு நாராயணைக் கொடுக்கலாம். ஆனால் இந்த நாவலுக்கு முன் அவருடைய சிறுகதைகளைக் கொடுப்பது நல்லது. 'அன்டச்சபிள்' ஒரே நாளின் கதை என்பதால் ஒரே நாளில் வாசிக்க வேண்டும். விவாதப் பக்கங்களில் சோர்ந்து மூடிவிட்டால், அன்று கேட்டதையெல்லாம் தந்தையிடம் சொல்ல பாக்கா வீடு நோக்கி நடக்கும் அந்த அந்திப்பொழுது கிடைக்காமல் போய்விடும். 'காந்தபுரா'வை மட்டும் வாய்விட்டு, வீட்டில் வயதான ஒருவர் கேட்க வாசிக்க வேண்டும்.