‘டூப்ளெக்ஸ்’ என்று சொல்லி எங்களுக்கு விற்ற ஒற்றை வீடு

நானும் என் கணவரும் போன வருடம் ஒரு டூப்ளெக்ஸ் வாங்கினோம். கீழே நாங்கள் குடியிருப்பது, மேலே வாடகைக்கு விடுவது என்று திட்டம். மாதத் தவணையில் பாதி வாடகையிலேயே கழிந்துவிடும் என்று நம்பினோம். இன்று மேல் வீடு பூட்டிக் கிடக்கிறது. அதை வாடகைக்கு விட எங்களுக்கு அனுமதியே இல்லை. இதே யோசனையில் வீடு தேடுகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

டூப்ளெக்ஸ் என்ற சொல்லுக்கு ஊருக்கு ஊர் அர்த்தம் மாறும் என்பது எங்களுக்குத் தெரியாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் அப்படிச் சொன்னால் ஒரே கட்டடத்தில் இரண்டு தனி வீடுகள். இந்தியாவிலோ, உள்ளேயே மாடிப்படி வைத்து இரண்டு தளமாகக் கட்டிய ஒரே வீட்டைத்தான் பெரும்பாலும் டூப்ளெக்ஸ் என்கிறார்கள். விற்றவர் எங்களிடம் பேசியது முதல் அர்த்தத்தில். அவருடைய அனுமதி வரைபடத்தில் இருந்தது இரண்டாவது.

பார்க்கப் போன அன்று கீழ்த்தளத்தை நிதானமாகக் காட்டினார்கள். மேலே போக வெளியிலிருந்து தனிப் படி இருந்தது. மேல் வீட்டு அம்மா வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் தரகர் எங்களை வரச் சொல்லியிருந்தார் என்பது பிறகுதான் புரிந்தது. ஐந்து நிமிடம் எட்டிப் பார்த்தோம். சமையலறை இருந்தது, குளியலறை இருந்தது. “குடியிருப்பவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம், வாடகை ரசீது நான் காட்டுகிறேன்” என்றார். காட்டினார். அதில் இருந்த தொகை பொய் இல்லை. அதனால்தான் நாங்கள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. இன்னொருவர் நாளைக்கே முன்பணம் கொடுக்கத் தயாராக இருக்கிறார் என்ற பேச்சும் அதோடு வந்தது.

பத்திரப்பதிவு முடிந்து குடிவந்தோம். முதல் மாத வாடகை வரவில்லை. சரி, புது வீட்டுக்காரர்களிடம் கொடுக்கத் தயங்குகிறார் போல என்று நினைத்து மேலே போய்க் கேட்டேன். அந்த அம்மா உள்ளே போய் ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். 8 மாத வாடகையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டதாகப் பழைய வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டிருந்தார். வீட்டை விற்பதற்கு இரண்டு வாரம் முன்பு! அட்வான்ஸும் அவரிடமே இருந்தது. மின்சாரம், தண்ணீர் எல்லாம் வாடகைக்குள் அடக்கம் என்றும் அதில் எழுதியிருந்தது. “நீங்க வாங்குறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா இதைக் காட்டியிருப்பேனேம்மா” என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. அவர்மேல் ஒரு தப்பும் கிடையாது. வழக்கறிஞரும் அதையேதான் சொன்னார்: அந்த ஒப்பந்தம் வீட்டோடு சேர்ந்து எங்களிடம் வந்துவிட்டது, மீதி மாதங்கள் அவர் வாடகை தராமல் இருக்கலாம், அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டியதும் நாங்கள்தான்.

மின்கட்டணம் வந்ததும் அடுத்த அதிர்ச்சி. கட்டடத்துக்கே ஒரு மீட்டர்தான். கீழே மெயின் ஸ்விட்சை அணைத்தால் மேலேயும் இருட்டாகிவிட்டது. இந்த ஒரு சோதனையை வீடு பார்க்கும்போதே செய்திருக்கலாம். ஒரு நிமிட வேலை. தண்ணீருக்கும் அப்படித்தான், கீழே வால்வை மூடிவிட்டு மேலே குழாயைத் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

தனி மீட்டர் கேட்டு விண்ணப்பித்தோம். அங்கே வரைபடத்தைக் கேட்டார்கள். வாங்கும்போது கொடுத்த நகல் எங்களிடம் இருந்தது. அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் அப்போது பார்த்திருந்தோம். அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, “உள்ளே இருக்கிற படி எங்கே?” என்று கேட்டார். படியா என்று திகைத்தோம். வீட்டுக்கு வந்து, கூடத்தின் மூலையில் சுவரோடு சேர்த்து அடித்திருந்த அலமாரியைத் தச்சரை வைத்துக் கழற்றினோம். பின்னால் முழு மாடிப்படி அப்படியே இருந்தது, மேல் முனையைப் பலகையால் அடைத்து வண்ணம் பூசியிருந்தார்கள். மேல் சமையலறை வரைபடத்திலேயே இல்லை.

ஆக, சட்டப்படி அது ஒரே குடும்பத்துக்கான வீடு. பல இடங்களில் இரண்டு குடித்தனங்களுக்கு நடுவே இருக்கும் தளம் குறிப்பிட்ட நேரம் தீயைத் தாங்க வேண்டும் என்று விதி உண்டு. எங்கள் வீட்டில் அது 1 மணி நேரம் தாங்க வேண்டும் என்றார்கள். எங்களுக்கு இருந்ததோ ஒரு பலகை. அந்த அம்மா அதற்கு மேல்தான் இவ்வளவு நாளும் தூங்கியிருக்கிறார் என்று நினைக்கும்போது பணம் போனதைவிட அதுதான் எனக்கு அதிகக் கோபம். தீ விபத்து நடந்திருந்தால் காப்பீடும் கைவிரித்திருக்கலாம். கடன் கொடுத்த வங்கி, வாடகையில் 75 சதவீதத்தை எங்கள் வருமானமாகக் கணக்கிட்டிருந்தது. அந்த வருமானமே இப்போது இல்லை.

நீங்கள் இப்படி ஒரு வீட்டைப் பார்க்கிறீர்கள் என்றால், குடியிருப்பவரை நேரில் பார்க்காமல் திரும்பாதீர்கள். வாடகை எவ்வளவு, எதுவரை கட்டியிருக்கிறார், அட்வான்ஸ் எவ்வளவு, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, எந்தெந்தக் கட்டணம் அதில் அடக்கம் என்று அவர் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று கேளுங்கள். விற்பவர் இதற்குத் தடை சொன்னால் அந்த வீட்டை அத்தோடு விட்டுவிடுங்கள். அட்வான்ஸ் தொகையைக் கிரயத் தொகையிலிருந்து பதிவுக்கு முன்பே கழித்துவிடுங்கள். அப்புறம், அனுமதி வரைபடத்தை விற்பவரிடம் வாங்குவதோடு விடாமல் அதைக் கொடுத்த அலுவலகத்துக்கே போய், இந்தக் கட்டடத்தில் எத்தனை குடியிருப்புக்கு அனுமதி என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வில்லங்கம் பார்த்தாயிற்று என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். சொத்து யாருடையது, கடன் இருக்கிறதா என்பதுதான் அதில் தெரியும், இது தெரியாது.

அந்த அம்மா போன மாதம் காலி செய்துகொண்டு போனார். அவருடைய அட்வான்ஸையும் மீதி வாடகையையும் எங்கள் சேமிப்பிலிருந்து கொடுத்தோம். விற்றவருக்கு அனுப்பிய நோட்டீசுக்கு இன்னும் பதில் வரவில்லை. இரண்டு வீடாக மாற்ற அனுமதி கேட்டுப் புதிய வரைபடம் கொடுத்திருக்கிறோம். நடுத்தளத்தைப் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும். அதுவரை முழுத் தவணையும் எங்கள் இருவர் சம்பளத்திலிருந்துதான்.