கதவு நிலையைப் பெயர்க்காமல் பீரோவை இறக்குவது: ரெசிப்ரோகேட்டிங் ரம்பத்தின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

நம் வீடுகளில் பெரிய பொருள் உள்ளேயே சிக்கிக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பொருள் முதலில் வந்துவிடுகிறது, சுவரும் கிரில்லும் பிறகு வருகின்றன. பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்றிய பீரோ, பால்கனிக்குக் கிரில் போட்ட நாளிலிருந்து மாடி அறையின் நிரந்தரவாசி ஆகிவிடுகிறது. குளியலறைப் பரணில் தண்ணீர்த் தொட்டியை வைத்து, முன்பக்கம் செங்கல் எழுப்பி டைல்ஸும் ஒட்டிவிடுகிறார்கள். தொட்டி வெடித்து ஒழுகும்போதுதான், அதை எடுக்க வழியே இல்லை என்று தெரிகிறது.

கொத்தனாரைக் கேட்டால் கதவு நிலையைப் பெயர்த்துவிடலாம் என்பார். நிலையைப் பெயர்த்தால் பூச்சு, டைல்ஸ், பெயின்ட் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். கழிக்கப்போகும் பொருளுக்காக நல்ல வீட்டை உடைப்பதை என்னால் ஏற்க முடியாது. வெட்ட வேண்டியது பொருளைத்தான். சில ஆண்டுகளாக என் வீட்டிலும் உறவினர் வீடுகளிலும் இந்த வேலையை ரெசிப்ரோகேட்டிங் ரம்பத்தால்தான் செய்துவருகிறேன்.

நீளமான பிளேடு முன்னும் பின்னுமாக ஓடும் மின்சார ரம்பம் அது. நிமிடத்துக்கு 3,000 முறைக்கு நெருக்கமாக ஓடக்கூடியது. விசையை அழுத்தும் அளவுக்கு ஏற்ப வேகம் கூடும், குறையும். நம் ஊரில் எல்லோரும் கையில் எடுப்பது, சுழலும் சக்கரத்தால் வெட்டும் ஆங்கிள் கிரைண்டரைத்தான். விலை குறைவு, எந்தத் தெருவிலும் கிடைக்கும், இரும்பை வேகமாக வெட்டும். ஆனால் அடைத்த அறைக்குள் அது எனக்குப் பிடிக்கவில்லை. 4 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 11,000 முறைக்கு மேல் சுற்றும்போது பறக்கும் தீப்பொறி திரைச்சீலையிலும் மெத்தையிலும் போய் விழும். ஜன்னல் கண்ணாடியில் பட்டால் பொட்டுப்பொட்டாக ஒட்டி நிற்கும், துடைத்தாலும் போகாது. ரம்பத்தில் அந்தத் தொல்லை இல்லை. இரும்புத் தூள் காலடியிலேயே விழும், கூட்டி அள்ளிவிடலாம். வேகம் குறைவுதான். வீட்டுக்குள் அந்த நிதானமே நல்லது.

பீரோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வழக்கமான இரும்பு பீரோ ஆறரை அடி உயரம், மூன்று அடி அகலம். படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்குவது அதன் உயரம்தான். வெட்டுவதற்கு முன் கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றிவிடுவேன். தட்டுகள் கொக்கியிலிருந்து தூக்கினாலே வந்துவிடும். கதவுகளையும் எடுத்துவிட்டால் கூட்டின் எடை பெருமளவு குறையும். லாக்கர் பெட்டி போல்ட்டில் நிற்கிறதா, வெல்டிங்கா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்வேன். பிறகு கூட்டைப் பழைய போர்வை மேல் மல்லாக்கப் படுக்கவைத்து, நடுவில் சுற்றிக் கோடு போட்டு இரண்டாக அறுப்பேன்.

தகடு மெல்லியது, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதனால் பிளேடு பட்டதும் பீரோ முழுவதும் அதிர்ந்து தெரு வரை சத்தம் கேட்கும். அங்குலத்துக்கு 24 பற்கள் உள்ள, இரும்பு அறுக்கும் பிளேடைப் போட்டாலும் தகட்டின் தடிமனுக்குள் ஒரு பல்தான் நிற்கும். தகடு பல்லில் மாட்டித் துள்ளும். வெட்டுக்கோட்டின் ஓரமாக ஒரு மரச்சட்டத்தை கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டால் துள்ளல் அடங்கும். ரம்பத்தின் முன்பட்டை, அதாவது பிளேடைச் சுற்றி முன்னால் இருக்கும் தாங்கு தகடு, வெட்டும் தகட்டோடு அழுந்தியே இருக்க வேண்டும்; அது விலகினால் பிளேடு வளைந்துவிடும். அறுத்த விளிம்பு கத்தி முனைக்குச் சமம். தோட்டக் குழாயை நீளவாக்கில் கிழித்து விளிம்பு நெடுக மாட்டிவிடுவேன். அதன் பிறகு இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கையும் கிழியாமல் சுவரும் கீறாமல் படியிறங்கலாம்.

பிளாஸ்டிக் தொட்டியின் குணமே வேறு. வேகத்தைக் கூட்டினால் பிளாஸ்டிக் உருகி, அறுத்த இடம் பிளேடுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளும். பெரிய பற்கள் உள்ள, மரம் அறுக்கும் பிளேடைப் போட்டு, விசையைப் பாதி மட்டும் அழுத்தினால் சுருள் சுருளாக வரும். தொட்டிக்குப் பின்னால் சுவரும் குழாயும் இருக்கும் என்பதால் நீள பிளேடு கூடாது. முனை சுவரில் இடித்தால் இயந்திரம் கையை உதறும். குளியலறை என்பதால் தரையையும் கையையும் நன்றாக உலர்த்திக்கொண்டு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி உள்ள இணைப்பில் மட்டுமே இயக்குகிறேன்.

சோபாவுக்கு முதலில் கத்திதான். துணியையும் பஞ்சையும் உரிக்காமல் ரம்பத்தை வைத்தால் நூல் பிளேடில் சுற்றி வேலை நின்றுவிடும். உரித்துவிட்டால் உள்ளே இருப்பது சாதாரண மரச்சட்டம், எளிதாக அறுபடும்.

சில பொருள்களில் ரம்பத்தை வைக்கவே மாட்டேன். பழைய தேக்குக் கட்டில் துளையிலும் ஆப்பிலும் நிற்பது; தச்சரைக் கூப்பிட்டால் தட்டிப் பிரித்துக் கொடுத்துவிடுவார், வேறு வீட்டில் மறுபடி பூட்டலாம். அதை அறுப்பது பாவம். குளிர்சாதனப் பெட்டியின் குழாய்களில் வாயு இருக்கிறது; இப்போதைய பல பெட்டிகளில் இருப்பது எளிதில் தீப்பற்றும் ஐசோபியூட்டேன். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமென்ட் ஷீட்டையும் தொடுவதில்லை. அந்தத் தூள் நுரையீரலில் தங்கிவிடும். பழைய பெயின்ட் அடித்த இரும்பிலும் கவனம் தேவை. வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பீரோ என்றால் குழந்தைகளை வேறு இடத்துக்கு அனுப்பி, நல்ல முகமூடி போட்டு, தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுக்கிறேன்.

கிரைண்டரை முழுக்க ஒதுக்கிவிடவும் இல்லை. தடித்த போல்ட் தலையைச் சீவ அதுதான் வேண்டும். ஆனால் அதன் காப்பு மூடியைக் கழற்றிவிட்டு மரம் அறுக்கும் பல் சக்கரத்தை மாட்டும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் பதறுகிறது. சக்கரம் மரத்தில் சிக்கிய நொடியில் கிரைண்டர் பிடித்திருப்பவர் மீதே பாயும். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

இத்தனை காலத்தில் ரம்பத்துக்குப் பெரிய பழுது வரவில்லை. மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்து மாற்றினேன். பிளேடு பிடிக்கும் தலையில் இரும்புத் தூள் இறுகி அடைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். உண்மையான செலவு பிளேடில்தான். மலிவு பிளேடுகள் ஒரு பீரோவைக்கூடத் தாண்டவில்லை. இரண்டு உலோகங்களை இணைத்துச் செய்த பைமெட்டல் பிளேடு விலை அதிகம் என்றாலும் பல மடங்கு உழைக்கிறது. 6 அங்குலத்திலும் 9 அங்குலத்திலும் மரத்துக்கு ஒன்று, இரும்புக்கு ஒன்று வைத்திருந்தால் வீட்டு வேலை எதற்கும் போதும்.