ஸ்பிரிங்பேக் சிமுலேஷனை வெளியே கொடுப்பவர்கள் கவனத்துக்கு

அம்பத்தூர், ஓசூர் பக்கம் டூல் ரூம் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டை என்ற அச்சில் அழுத்தி வளைத்த ஷீட், வெளியே வந்ததும் கொஞ்சம் பழைய வடிவத்துக்குத் திரும்புவதுதான் ஸ்பிரிங்பேக். ஹை ஸ்ட்ரெங்த் ஸ்டீலுக்கு டை செய்வதாக இருந்தால், அதைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டுத் தரும் சிமுலேஷன் கம்பெனியின் ரிப்போர்ட்டில் உள்ள கலர் படத்தை மட்டும் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

எங்களுக்கு வந்தது 1.4 மி.மீ. டிபி 780 (டூயல் ஃபேஸ் என்ற ஹை ஸ்ட்ரெங்த் ஸ்டீல்) ஷீட்டில், தொப்பி வடிவக் குறுக்குவெட்டு கொண்ட ஒரு ஹேட் செக்‌ஷன். ஸ்பிரிங்பேக் காம்பன்சேஷனையும் (ஷீட் திரும்புவதைக் கணக்கிட்டு டை வடிவத்தை முன்கூட்டியே மாற்றுவது) சேர்த்துத்தான் ரேட் பேசினோம். ரிப்போர்ட் முழுக்கப் பச்சை, அதாவது பீஸ் கிழியாது என்று அர்த்தம். அதை நம்பி டையை வெட்டி, ஹீட் ட்ரீட்மென்டில் டையின் ஹார்டனிங்கும் முடித்தோம். ட்ரை-அவுட்டில் பீஸ் கிழியவில்லை, தடிமனும் ரிப்போர்ட்டை ஒட்டியே வந்தது. ஆனால் செக்கிங் ஃபிக்ஸ்சரில் வைத்தால் இரண்டு பக்கச் சுவரும் வெளியே வளைந்து விரிந்து நின்றன. ஃபிளேஞ்ச் விளிம்புக்கு அடியில் ஃபீலர் கேஜே தேவையில்லை, விரலே நுழைந்தது.

சிமுலேஷன் கம்பெனியைக் கேட்டதற்கு, "உங்க காயில்லதான் கோளாறு சார்" என்றார்கள், அதாவது நாங்கள் வாங்கிய ஷீட் சுருளில். விடாமல் கேட்டபின் மெட்டீரியல் கார்டு (சிமுலேஷனில் போட்ட ஸ்டீல் குணங்களின் பட்டியல்) வந்தது. லைப்ரரியில் கிடந்த பொதுவான டிபி 780 கர்வ். ஷீட் திசைக்குத் திசை வேறுபடுவதைக் கணக்கிடும் ஹில் 48 மாடல் என்று பெருமையாகப் போட்டுவிட்டு, மூன்று திசைக்கும் ஆர் மதிப்பு (இழுக்கும்போது அகலம் குறைவதற்கும் தடிமன் குறைவதற்கும் உள்ள விகிதம்) 1. அப்படிப் போட்டால் அது எல்லாத் திசையும் ஒன்று என்று எடுக்கும் வெறும் வான் மைசஸ் மாடல்தான். ஸ்டீல் வளைய வளையக் கடினமாவதைக் காட்டும் ஹார்டனிங் மாடலோ ஐசோட்ரோபிக், அதாவது இழுத்தாலும் அமுக்கினாலும் ஒரே அளவு கடினம் என்பது.

கோளாறே அங்கேதான். டை ரேடியஸில் ஷீட் வளைகிறது, சுவராக மாறும்போது திரும்ப நிமிர்கிறது. இழுபட்ட பக்கம் அமுங்கும், அமுங்கிய பக்கம் இழுபடும். இப்படித் திசை மாறினால் ஸ்டீல் குறைந்த ஸ்ட்ரெஸ்ஸிலேயே ஈல்டு ஆகிவிடும், அதாவது நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும். 19ஆம் நூற்றாண்டிலேயே பௌஷிங்கர் என்ற ஜெர்மன் இன்ஜினியர் சொன்ன விஷயம் இது! ஐசோட்ரோபிக் மாடலில் இதற்கு இடமே இல்லை. போதாததற்கு யங்ஸ் மாடுலஸை (ஸ்டீலின் விறைப்பு) 210 ஜிபிஏ என்று கடைசிவரை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். டிபி ஸ்டீலை நீட்டிவிட்டு லோடை எடுத்தால் அது 10 சதவீதத்துக்கும் மேல் குறையும், அந்த அளவுக்கு ஸ்பிரிங்பேக் கூடும். கிழியுமா கிழியாதா என்ற கணக்கை இதெல்லாம் பெரிதாகப் பாதிக்காது. பச்சைப் படம் சரியாக இருந்ததன் ரகசியம் அவ்வளவுதான்.

இப்போது "மெட்டீரியல் டேட்டா கஸ்டமர்தான் தரணும்" என்கிறார்கள். காயில் டெஸ்ட் சர்டிஃபிகேட்டை அனுப்பியபோது "இது போதும் சார்" என்றவர்களும் இவர்கள்தான். ரீகட் செலவு முழுக்க எங்கள் தலையில்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே மெட்டீரியல் கார்டைக் கேளுங்கள். திசை மாறுவதையும் கணக்கில் எடுக்கும் யோஷிடா-உவெமோரி போன்ற கைனமேட்டிக் மாடலா, அதன் பாராமீட்டர்கள் அதே கிரேடை இழுத்து, அமுக்கிப் பார்த்த டெஸ்ட்டில் வந்தவையா, ஷீட் உருட்டிய திசைக்கு 0, 45, 90 டிகிரியில் ஆர் மதிப்புகள் என்ன, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். அலுமினியம் என்றால் ஹில் 48 வேண்டாம், அதற்குப் பொருந்தும் பார்லட் 2000 மாடலைக் கேளுங்கள். அப்புறம், பீஸ் ஃபிக்ஸ்சரில் சரியாக உட்கார்ந்த பிறகுதான் கடைசித் தவணை என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே போட்டுவிடுங்கள்.